யாழினி விழுந்த பிறகு

கல்வராயன்மலை
25-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் தமிழ்மொழி எழுதுவது. நானும், வயிற்றில் இருப்பதும், உன் மாப்பிள்ளையும், அத்தையும் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? செல்வம் அண்ணனும் செவ்வந்தி அண்ணியும் சுகம்தானே?

பங்குனியில் நான் வந்திருந்தபோது, "ஃபோனு செவ்வந்தி கையில இருக்குது, எதுன்னாலும் எழுதிப் போடு" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. இங்கேயும் டவர் வேண்டுமானால் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால் பாறைமேல் ஏற வேண்டும். ஏழு மாத வயிற்றோடு ஏறினால் அத்தை என்னைத் தொலைத்துவிடுவார்.

விஷயம் வளைகாப்பு. இந்த ஆவணியில் வைக்கலாம் என்றுதானே பேசியிருந்தோம்? அதற்கு யாழினி உலை வைத்துவிட்டாள். நீயும் பார்த்திருப்பாய், 'யாழினியின் வாசல்' சீரியல் சனிக்கிழமையோடு முதல் பாகம் முடிந்துவிட்டது. முடிந்தது என்றா சொல்வது? யாழினிக்கு வளைகாப்பு நடக்கிறது, கை நிறைய வளையல், மாடிப்படியில் எண்ணெய், விழுகிறாள். ஆஸ்பத்திரி. டாக்டர் வெளியே வருகிறார். முகமூடியைக் கழற்றுகிறார். வாயைத் திறக்கிறார். அப்படியே நிறுத்தி, 'இரண்டாம் பாகம் விரைவில்' என்று எழுத்துப் போட்டார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும்? எனக்கு வந்த கோபத்துக்கு டிவி மேல் செம்பை எறியலாம் போல இருந்தது.

அத்தைக்கு வந்தது கோபம் இல்லை, பயம். "ஏய் தமிழு, அவளுக்கும் உனக்கும் ஒரே மாசத்துலதான் நாள் தள்ளிப் போச்சு. அவ மாங்கா கேட்டப்ப நீயும் கேட்ட. வளகாப்பு அன்னிக்கு அவ வுழுந்துட்டா. அந்த டாக்டரு இன்னா சொல்றாருன்னு தெரியாம உனக்கு நான் எப்டி வளையல் போட வுடுவேன்?" என்கிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு மெத்தைமேல் விழுந்த பெண் அவள் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இதே பேச்சு.

வளைகாப்பு போடாமல் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்குக் கார்த்திகையில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அடைமழையில் இந்த மலைப்பாதை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. நீ ஒருமுறை வந்து நேரில் பேசினால் அத்தை கேட்பார். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தமிழ்மொழி

---

களமருதூர்
9-9-2025

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அம்மாவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டிவலி இருந்தபடி இருக்கிறது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதே. மாப்பிள்ளையையும் சம்பந்தியம்மாளையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்து நாளாகிறது. எழுத நேரம் அமையவில்லை. அண்ணன் உரம், பூச்சிமருந்து ஏஜென்சி எடுத்திருக்கிறான். வீட்டுக்கு ஆள் வந்தபடி இருக்கிறார்கள், டீ போட்டே பொழுது போய்விடுகிறது.

யாழினி கதையை நானும் பார்த்து நொந்து போனேன். வளைகாப்பு அன்றைக்கா அவளை விழவைப்பார்கள்? அந்த டாக்டரம்மா முகமூடியைக் கழற்றி வாயைத் திறந்தவுடனே நிறுத்திவிட்டார்களே, பாவிகள்.

உன் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரியவர்களுக்கு மனதில் ஒன்று பட்டால் அதை மீறக்கூடாது. எட்டாம் மாதத்தில் எப்படியும் வளையல் போடக்கூடாது. ஒன்பதில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் கதையும் ஆரம்பித்துவிடும்.

மனதைத் தளரவிடாதே.

இப்படிக்கு,
அம்மா

---

கல்வராயன்மலை
20-9-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ அத்தையைத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீயும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாய். இனி இந்த வீட்டில் எனக்கு நியாயம் கிடைத்த மாதிரிதான்.

அத்தையின் கூத்தைக் கேள். உன் மாப்பிள்ளையைப் பாறைமேல் ஏற்றி டிவிக்காரர்களுக்கே ஃபோன் போடச் சொன்னார். பதிவு பண்ணின குரல் ஒன்று, எதற்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். "யாழினி பொழச்சிக்கினாளான்னு கேக்கறதுக்கு எந்த நம்பருன்னு கேளுடா" என்று கீழே இருந்து கத்துகிறார். பஸ் டிரைவர், மரவள்ளி லோடு ஏற்ற வருகிறவர்கள், ஒருவரையும் விடவில்லை. யாழினிக்குச் சுகப்பிரசவம் ஆனால் கோயிலுக்குக் கிடா வெட்டுவதாகவும் வேண்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு இல்லை, யாழினிக்கு.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. நேற்று நர்ஸம்மா வந்து பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியாம். "மழை பிடிச்சா ஆம்புலன்ஸ் வர நேரம் புடிக்கும்மா, முன்னாடியே கீழ அம்மா வூட்டுக்குப் போயிடு" என்றார்.

என் அறையைக் கூட்டி மெழுகி வைக்கிறாயா? ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கச் சொல். அந்தப் பழைய கட்டிலே போதும், புதிதாக எதுவும் வேண்டாம் என்று அண்ணியிடம் சொல். மூன்று மாதம் உன் கையால் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கலாம் என்று நினைத்தாலே எனக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது.

மறக்காமல் பதில் போடு.

உன்
தமிழ்மொழி

---

களமருதூர்
6-10-2025

அன்பு மகளுக்கு,

அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு அந்தத் திருநாவலூர் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

பிரஷருக்கு உப்பைக் குறைத்துக்கொள். ஊறுகாய், கருவாடு பக்கம் போகாதே. இடது பக்கமாகப் படு. நெல் அறுப்பு நேரம், இங்கே எல்லோருக்கும் வேலை.

ஒன்று தோன்றியது, எழுதுகிறேன். பால்வாடியில் அரசாங்கமே சமுதாய வளைகாப்பு போடுகிறார்களே, அங்கே உட்கார்ந்து ஒரு ஜோடி வளையல் போட்டுக்கொண்டால் என்ன? சாப்பாடும் ஐந்து வகை போடுகிறார்களாம். உன் மாமியாருக்கும் யாழினி மாதிரி ஆகிவிடும் என்ற பயம் இருக்காது, நாம் வைக்கிற வளைகாப்பு இல்லையே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

---

கல்வராயன்மலை
14-10-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கும் அவ்வண்ணமே என்று நம்புகிறேன்.

பால்வாடி யோசனைக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அங்கே வளையல் போட்டுக்கொண்டு யாருடைய வீட்டுக்குப் போவது? கலெக்டர் ஆபீஸா எனக்குத் தாய்வீடு? கொசுவலை கேட்டிருந்தேன், அதற்குப் பதிலே இல்லை. பரவாயில்லை, மறந்திருப்பாய்.

இப்போது நல்ல செய்தி. அத்தை மனம் மாறிவிட்டார்! நர்ஸம்மா மறுபடி வந்தபோது, என்னைக் கீழே அனுப்பாமல் வைத்திருப்பதற்கு அத்தையை நன்றாகக் கடிந்துகொண்டார். அத்தை அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே அடைத்தார். பிறகு என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "அவனுங்க அந்த டாக்டரு வாயத் தொறக்கறதுக்குள்ள எம் மருமவ பெத்த புள்ள பள்ளிக்கூடமே போயிடும். போதும். பொய்க் கத பாத்துக்கினு உன்ன நான் வாட்டிட்டேன். உங்கம்மாவ வரச் சொல்லி எழுது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாளும் பார்த்தாகிவிட்டது. ஐப்பசி 16, ஞாயிற்றுக்கிழமை. சீர்வரிசை ஒன்றும் வேண்டாம் என்று அத்தையே சொல்கிறார். நீயும் அண்ணனும் கொஞ்சம் வளையலும் கட்டுச்சோறும் கொண்டுவந்தால் போதும். அன்றைக்கே உன்னோடு கிளம்பிவிடுவேன். பை கட்டி வைத்துவிட்டேன்.

சந்தோஷத்தோடு,
தமிழ்மொழி

---

களமருதூர்
27-10-2025

அன்பு மகளுக்கு ஆசிகள்.

நலம். தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன், கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உன் மாமியார் முதலில் சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது. மனதில் ஒரு சந்தேகம் விழுந்த பிறகு, தெரிந்தே வளையல் போட்டு, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் பொறுப்பு? யாழினிக்கு என்ன ஆனது என்று தெரியட்டும். அடுத்த மாதம் ஆரம்பித்துவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவரை பொறுத்துக்கொள். 16ஆம் தேதி வைக்க வேண்டாம் என்று சம்பந்தியம்மாளிடம் பக்குவமாகச் சொல்.

மழை ஆரம்பித்துவிட்டது. ஈரத் தரையில் பார்த்து நட.

அம்மா

---

கல்வராயன்மலை
6-11-2025

அம்மாவுக்கு,

நலம் விசாரித்து எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்ததும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பயந்தவரே பயத்தை விட்டுவிட்டார், உனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் விளங்கவில்லை. "உன் மாமியாருக்கு வேற இன்னாமோ கஷ்டம் இருக்குது, போய்ப் பாத்துக்கினு வாடா" என்று உன் மாப்பிள்ளையை அனுப்பினார். சின்னசேலத்தில் மரவள்ளி லோடை இறக்கிவிட்டு, அவர் நேராகக் களமருதூருக்கு வந்தார்.

திரும்பி வந்து என்னிடம் "அத்த நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். மற்றதைத் தன் அம்மாவிடம் சொன்னார். அடுப்படியில் சொன்னது எனக்குக் கேட்காதா?

என் அறையில் யூரியா மூட்டை அடுக்கியிருக்கிறதாமே. ஜன்னலை அடைத்து, மருந்து டப்பா கூரை வரைக்கும். வாசலிலேயே நெடி மூக்கைத் துளைத்ததாம். உன் பாய் அடுப்படி ஓரத்தில் சுருட்டி வைத்திருந்ததாம். அண்ணன் அவரை உள்ளே கூப்பிடவில்லை, இதெல்லாம் திறந்த கதவு வழியாக அவர் பார்த்தது. கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "இப்ப இங்க தோதுப்படாதுங்க மாப்பிள்ள, அங்கயே பாத்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறான். நீ ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாயாம்.

அவர் வெகுளி. பேச்சை மாற்ற யாழினி கதையைக் கேட்டிருக்கிறார். "அதப் பாத்து எத்தினியோ மாசம் ஆச்சிங்க மாப்பிள்ள, டிவிய செல்வம் அவன் ரூமுல மாட்டிக்கினான்" என்றாயாம்.

நீ அதைப் பார்க்கவே இல்லை. நொந்து போனேன் என்று எழுதினாயே! நான் எழுதியதையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறாய். அந்த டாக்டருக்கு முறுக்கு மீசை அம்மா. நீ டாக்டரம்மா என்று எழுதினாய். அன்றைக்கே எனக்கு உறுத்தியது, கைத்தவறு என்று விட்டேன்.

என் மாமியார் முட்டாள்தனமாகப் பயந்தார், ஆனால் நிஜமாகப் பயந்தார். நீ அந்தப் பயத்தை எடுத்து உனக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டாய். உன் பிள்ளை வேண்டாம் என்கிறான் என்று சொல்வதற்கு வாய் வராமல், யாழினி யாழினி என்று என்னை இரண்டு மாதம் இழுத்தடித்தாய்.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நீ இல்லாமல்தான். அத்தை கள்ளக்குறிச்சிக்கு ஆள் அனுப்பி வளையல் வாங்கி வைத்திருந்தார். ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்ததும், "எங்க பொண்ணோட அம்மா வூட்டுக்காரங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சம்பந்தியம்மாவுக்கு முட்டி வீங்கிப் போச்சு, நடக்க முடியல. வளையல், கட்டுச்சோறு எல்லாம் அவங்க குடுத்து வுட்டதுதான்" என்றார். விடியலில் எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிளறியது அவர். அதை உன் சமையல் என்று சொல்லி எல்லோருக்கும் பரிமாறினார். ஒரு கிழவி சாப்பிட்டுவிட்டு உன் கைமணத்தைப் புகழ்ந்தாள்.

பையைப் பிரித்துத் துணியை எல்லாம் மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

தமிழ்மொழி

---

கல்வராயன்மலை
8-12-2025

அம்மாவுக்கு,

பெண் குழந்தை. கார்த்திகை 14ஆம் நாள் பிறந்தது. நல்ல மழை. வலி எடுத்ததும் அவர் தன் வண்டியிலேயே வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். தாயும் பிள்ளையும் நலம்.

பெண் பிறந்ததைத் தாய்வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அத்தை சொன்னதால் எழுதுகிறேன்.

தமிழ்மொழி

---

களமருதூர்
14-1-2026

அன்பு மகள் தமிழ்மொழிக்கும், என் பேத்திக்கும், மாப்பிள்ளைக்கும், சம்பந்தியம்மாளுக்கும் பொங்கல் வாழ்த்தும் ஆசியும்.

இங்கே சுகம். குழந்தை பால் குடிக்கிறதா? தலை நிற்க ஆரம்பித்ததா? வசம்பு உரசி நாக்கில் தடவு. உச்சிக்கு விளக்கெண்ணெய் வை. உனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துத் தருகிறார்களா?

யாழினி இரண்டாம் பாகம் ஆரம்பித்துவிட்டது. நான் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்தேன், இந்த முறை நிஜமாகவே பார்த்தேன். 'ஆறு வருடங்களுக்குப் பிறகு' என்று போட்டு, யாழினி தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது. எப்படிப் பிழைத்தாள், படியில் எண்ணெய் ஊற்றியது யார், ஒன்றும் சொல்லவில்லை. யாழினியும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. நாமும் அப்படி இருந்துவிடலாம் தமிழு. நடுவில் நடந்ததை விட்டுவிடு. குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருநாள் வந்து எல்லோருக்கும் முகத்தைக் காட்டிவிட்டுப் போ. காலையில் வந்து சாயங்காலம் போய்விடலாம்.

அம்மா

---

கல்வராயன்மலை
22-1-2026

அம்மாவுக்கு,

நாங்கள் நலம். குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. சளி இருந்தது, சரியாகிவிட்டது. உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இங்கேயும் பார்த்தோம். அத்தை ரிமோட்டைத் தூக்கி அரிசி மூட்டைமேல் எறிந்தார். "அன்னிக்கு அந்தக் கொயந்த பொழச்சிதா இல்லியான்னு நான் தூங்காமக் கெடந்தேன். அதச் சொல்லாம அது இஸ்கூலுக்குப் போவுதாமா? இன்னா பொயப்பு இது?" என்று வைதார். அதோடு அந்த நேரத்துக்கு டிவி போடுவதையே நிறுத்திவிட்டோம். ஐந்து மாதம் ஆளைத் தவிக்கவிட்டு, 'ஆறு வருடம்' என்று எழுத்துப் போட்டுத் தாண்டிப் போய்விட்டார்கள். இதைவிட ஏமாற்று வேலை வேறு உண்டா?

உனக்கு அது நிம்மதியாக இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. யாழினிக்கு அந்த ஆறு வருடம் இல்லவே இல்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. வலி எடுத்து வண்டியில் போகும்போது, வளைவுக்கு வளைவு, "அம்மா" என்றுதான் கத்தினேன். பக்கத்தில் இருந்து என்னைப் பிடித்துக்கொண்டது அத்தை. அவரும் அந்த வார்த்தைக்கு "ம்" என்று பதில் கொடுத்துக்கொண்டே வந்தார். அதை நான் எப்படித் தாண்டிப் போவேன்?

காலையில் வந்து சாயங்காலம் போக நான் ஓட்டு கேட்க வருகிற ஆள் இல்லை. நடந்தது என்ன என்று நீயே உன் கையால் எழுது. அண்ணன் வேண்டாம் என்றான், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுதினால் குழந்தையோடு வருகிறேன். அண்ணனுக்காக இல்லை, உனக்காக வருகிறேன். எழுத மாட்டாய் என்றால் இந்த நலம் விசாரிப்பும் வேண்டாம்.

தமிழ்மொழி

---

உளுந்தூர்பேட்டை
3-2-2026

என் தங்கத்துக்கு,

கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். மடிமேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை நானே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

இதுவரை உனக்கு எழுதியது எதையும் நான் போட்டதில்லை. செவ்வந்தி படித்துப் பார்த்த பிறகு, செல்வம் வெளியே போகும்போது எடுத்துக்கொண்டு போவான். நீ எழுதுவதும் அப்படித்தான் என் கைக்கு வரும், பிரித்த உறையாக. நீ போன மாதம் கேட்டதை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செவ்வந்தி எல்லோருக்கும் சத்தமாகப் படித்தாள். செல்வம் சிரித்தான். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். உன்னைக் கூட்டி வருகிறேன் என்று ஆவணியிலேயே சொன்னேன். அவன் வேண்டாம் என்றான். மூன்று மாதம் யார் பார்ப்பது என்றான். மீறிக் கூட்டி வந்தால் நீயும் அவளோடே போய்விடு என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். உன் கடிதத்தில் யாழினி இருந்தாள், அவளைப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பற்றி எழுதினால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கடிதம் உனக்கு வந்து சேர்ந்தது.

அங்கே வந்துவிடு என்று உன் மாமியார் சொல்வார், எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து நான் எப்படிச் சோறு தின்பேன்? அவர் சமைத்ததை என் சமையல் என்று சொன்ன மனுஷி. அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நீ எழுதவே இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அந்தப் பெயர் அவர்கள் வாயில் விழும். எனக்கு அது ஒன்றுதான் ராத்திரி பகல் மனதில் ஓடுகிறது. ஆனால் எழுதிவிடாதே.

பஸ் வந்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம்.

உன் அம்மா